பூக்கிறது, காய்ப்பதில்லை: ஆலுலா என்ற தீவுச் செடி

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்குப் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. ரப்பர், இடையில் கொஞ்சம் நல்லமிளகு. இருபது வருடத்துக்கு முன்னால் வனிலா விலை ஏறிக் கிடந்த சமயத்தில், ஊரில் நாலு பேர் நடுகிறார்களே என்று அவரும் சீமைக்கொன்னை மரங்களில் வனிலாக் கொடி ஏற்றிவிட்டார். கொடி நன்றாகவே படர்ந்தது. மூன்றாவது வருடம் பூத்தது. அதற்கப்புறம்தான் வேலை தொடங்கியது.

வனிலாப் பூ காலையில் விரியும், உச்சி கழிந்தால் வாடத் தொடங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டாக வேண்டும். சித்தப்பா ஓர் ஈர்க்கிலின் முனையைச் சீவிக் காதில் செருகிக்கொள்வார். பூவை இடது கையில் ஏந்தி, ஈர்க்கிலால் கீழிதழை மெல்லக் கிழிப்பார். உள்ளே நாக்குப் போல ஒரு சின்னச் சவ்வு மறைத்துக்கொண்டிருக்கும். அதை ஈர்க்கில் முனையால் தூக்கிவிட்டு, மேலே இருக்கும் மகரந்தத்தைப் பெருவிரலால் அமர்த்துவார். ஒரு பூ முடிந்தது. அடுத்த பூ. அப்படியே கொல்லை முழுக்க.

"இதெல்லாம் வண்டு செய்யாதா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"இதுக்கு உள்ள வண்டு இங்க கிடையாது மக்கா. அது மெக்சிகோவுலல்லா கெடக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. வனிலாவின் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும். அங்கிருந்து கொடியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், அதன் பூவுக்குப் பழகிய பூச்சிகள் கூட வரவில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் வனிலா பல வருடம் பூத்துப் பூத்துச் சும்மா உதிர்ந்தது. 1841-ல் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியும் பெருவிரலும் வைத்துக் காய் பிடிக்க வைக்கும் வழியைக் கண்டுபிடித்தான். சித்தப்பா ஈர்க்கிலால் செய்தது அந்தப் பையன் சொல்லிக்கொடுத்த வித்தைதான். உலகம் முழுக்க இன்றும் வனிலாத் தோட்டங்களில் அதே வித்தை.

வனிலாவை நாம் ஊர் விட்டு ஊர் கொண்டுவந்தோம், அதனால் பூச்சியைப் பிரிந்தது. ஒரு செடி சொந்த மண்ணிலேயே நிற்கிறது, அதன் பூச்சி மட்டும் காணாமல் போகிறது என்றால்? பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளில் ஒரு செடிக்கு அதுதான் நடந்தது. அதன் பெயர் ஆலுலா. அந்தச் செடியைப் புரிந்துகொள்ள முதலில் நம் வீட்டுப் பந்தலில் நடப்பது புரிய வேண்டும். அங்கிருந்தே போகலாம்.

காய் எப்படிப் பிடிக்கிறது?

செடிக்குக் கால் கிடையாது. நின்ற இடத்தில் நின்றுகொண்டே இன்னொரு செடியோடு சேர்ந்து விதை உண்டாக்க வேண்டும். ஆணின் பங்கு மகரந்தத் தூள். பெண்ணின் பங்கு சூலகம்; அதன் உச்சியில் பிசுபிசுவென்று இருக்கும் சூல்முடி. தூள் சூல்முடியில் போய் ஒட்டி, உள்ளே இறங்கிச் சூலைச் சேர்ந்தால் விதை உண்டாகிறது. விதையைச் சுற்றிக் காய் பருக்கிறது. இதுதான் மகரந்தச் சேர்க்கை.

நம் மாவட்டத்தில் இதைப் பார்க்கப் பனையே போதும். பனையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண்பனையில் பாளை வரும், பதநீர் எடுக்கலாம், நுங்கு வராது. மத்தங்காயில், அதாவது பரங்கியில், ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். ஆண் பூவுக்கு நீளமான மெல்லிய காம்பு. பெண் பூவுக்குக் கீழே கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அந்தப் பிஞ்சைப் பார்த்துக் காய்த்துவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. தூள் வந்து சேராவிட்டால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளடித்து, வெம்பி, தொட்டாலே கழன்று விழும்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் மத்தங்காய் இப்படித்தான் வெம்பும். மழையில் தேனீ வெளியே வராது. அம்மா காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழையெல்லாம் உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். அவ்வளவுதான். மஞ்சள் தூள் ஒட்டியது கண்ணுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்து மனப்பாடம் செய்ததைவிட, அந்த ஒரு சுற்று எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

பூச்சி தர்மத்துக்கு வருவதில்லை. தேனுக்கு வருகிறது. தேனைக் குடிக்கும்போது உடம்பில் தூள் ஒட்டுகிறது, அடுத்த பூவுக்குப் போகும்போது அங்கே உதிர்கிறது. தேன் கூலி, தூள் சுமை. நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு விசித்திரமான விதிவிலக்கு இருக்கிறது. மார்த்தாண்டம் பக்கத்தில் எடுக்கும் தேனில் பெரும்பகுதி ரப்பரிலிருந்து வருகிறது, ஆனால் ரப்பர்ப் பூவிலிருந்து இல்லை. தை, மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது, மூன்று இலையும் சேர்கிற காம்பு நுனியில் சின்னச் சின்னச் சுரப்பிகள் தேன் போன்ற நீரைச் சுரக்கும். தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது. அங்கே கூலி உண்டு, தூள் சுமக்கும் வேலை கிடையாது. தேன் கிடைக்கிறது என்பதாலேயே மகரந்தச் சேர்க்கை நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பூவைப் பார்த்து ஆளைச் சொல்வது

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ வாங்கியவர்களுக்குத் தெரியும், அது மொட்டாகத்தான் வரும். பொழுது சாயும்போது விரியும், அப்போதுதான் மணம் கூடும். ஏன் சாயங்காலம்? ஏன் வெள்ளை? ஏன் அத்தனை வாசம்? இருட்டில் பறக்கிற ஒருவருக்காக விரிகிற பூ அது. இருட்டில் சிவப்பும் நீலமும் எடுபடாது, வெளிர் நிறம்தான் தெரியும். கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு வாசம் போய்க் கூப்பிடும். பூவின் அடிப்பகுதி மெல்லிய குழலாக நீண்டிருக்கும், தேன் அதன் அடியில். நீளமான நாக்கு உள்ளவர் மட்டுமே அதை எட்ட முடியும்.

அந்த ஆள் அந்துப்பூச்சி. பட்டாம்பூச்சிக்குச் சொந்தம், பெரும்பாலும் இரவில் நடமாடுவது. அதில் ஒரு குடும்பம் உடல் பருத்து, சிறகு குறுகி, பூவின் முன்னால் தேன்சிட்டைப் போல அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். அதன் நாக்கைப் பார்த்திருக்கிறீர்களா? சும்மா இருக்கும்போது கொசுவர்த்திச் சுருள் மாதிரி முகத்துக்குக் கீழே சுருண்டிருக்கும். பூவுக்கு முன் வந்ததும் நீட்டி உள்ளே விடும். புடலைப் பூவுக்கும் இந்தக் கூட்டம் வரும். புடலைப் பூ சாயங்காலத்துக்கு மேல் விரிகிற வெள்ளைப் பூ, இதழ் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். வேண்டுமானால் இன்று ராத்திரி போய்ப் பாருங்கள்.

பூவைப் பார்த்து வருகிற ஆளை ஊகிப்பது வெறும் விளையாட்டு இல்லை. மடகாஸ்கர் தீவின் ஓர் ஆர்க்கிட் பூவை டார்வின் பார்த்தார். தேன் இருக்கிற குழல் கிட்டத்தட்ட ஓர் அடி நீளம். இதை எட்டுகிற நாக்குள்ள அந்துப்பூச்சி அந்தத் தீவில் இருக்க வேண்டும் என்று 1862-ல் எழுதினார். அவர் இறந்து இருபது வருடம் கழித்து, 1903-ல், அப்படி ஒரு பூச்சியை அறிஞர்கள் விவரித்துப் பெயர் வைத்தார்கள்.

இப்போது ஆலுலாவின் பூவுக்கு வருவோம். வெளிர் மஞ்சள். நல்ல வாசம். குழல் ஏழு முதல் பதினான்கு சென்டிமீட்டர், அதாவது ஒரு பேனா நீளம் வரை. இதுவரை படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீள நாக்குள்ள அந்துப்பூச்சிக்காகச் செய்த பூ அது.

பாறையில் தொங்கும் செடி

நர்சரியில் அடினியம் என்று ஒரு தொட்டிச்செடி விற்பார்களே, அடி பருத்து, தண்டில் தண்ணீர் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்குமே, ஆலுலாவின் தண்டை அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் குடம் போல உருண்டு, மேலே போகப் போகச் சிறுக்கும். உச்சியில் மட்டும் பளபளப்பான பச்சை இலைகள் ரோஜா இதழ் போலச் சுற்றிச் சுற்றி அடுக்கியிருக்கும். குச்சியில் குத்தி வைத்த முட்டைக்கோஸ் என்று வெளிநாட்டார் செல்லமாகக் கூப்பிடுவார்கள். ஒன்று, இரண்டு மீட்டர் உயரம் சாதாரணம், ஐந்து மீட்டர் வரைகூடப் போகும். அறிவியல் பெயர் பிரிகாமியா இன்சிக்னிஸ். ஆலுலா, ஓலுலு என்பவை ஹவாய் மக்கள் வைத்த பெயர்கள். நான் ஆலுலா என்றே சொல்கிறேன், வாய்க்கு இதமாக இருக்கிறது.

இது உலகில் இயற்கையாக வளர்ந்தது இரண்டே இடத்தில்: காவாய் தீவு, அதன் பக்கத்தில் உள்ள சின்ன நீஹாவ் தீவு. காவாயின் வடமேற்கில் நா பாலி என்ற கடற்கரை இருக்கிறது. கடலிலிருந்து சுவர் எழுப்பியது போல, சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் செங்குத்தாக நிற்கும் மலை. ஆலுலா அந்தச் சுவரின் வெடிப்புகளில் வேரூன்றிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நீர் சேர்த்து வைக்கும் பருத்த அடியும், வளைந்து கொடுக்கும் தண்டும் அந்த இடத்துக்காகவே அமைந்தவை.

அதன் பூச்சி எது? இரண்டு பூச்சிகளின் பெயரைச் சொல்கிறார்கள். ஒன்று, காவாய்த் தீவுக்கே உரிய பச்சை நிற அந்துப்பூச்சி. 1890-களில் முதன்முதலாகப் பிடிபட்டது, அதற்கப்புறம் கண்டவர்களை எண்ணிவிடலாம், அத்தனை அபூர்வம். இன்னொன்று பிளாக்பர்ன் அந்துப்பூச்சி. ஹவாய்க்கே உரிய பூச்சிகளில் மிகப் பெரியது அதுதான். ஒரு காலத்தில் பல தீவுகளில் பறந்தது, காவாயிலும் இருந்தது. 1970-களில் அது அழிந்தே போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். 1984-ல் மாவி தீவில் மறுபடி கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆலுலா நின்ற காவாயில் அது இப்போது இல்லை.

இவ்வளவு பெரிய பூச்சி எப்படிக் காணாமல் போகும்? இங்கேதான் பூவை விட்டுவிட்டுப் புழுவைப் பார்க்க வேண்டும். அந்துப்பூச்சி தேன் குடிப்பது அதன் வாழ்க்கையின் கடைசிச் சில நாட்கள். அதற்கு முன்னால் அது புழு. புழு தேன் குடிக்காது, இலை தின்னும். அதுவும் எந்த இலையும் தின்னாது.

நம் ஊரில் அரளிச் செடியில் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு இருக்கும். தொட்டால் தலையை உள்ளிழுத்துக்கொள்ளும், முதுகில் இரண்டு நீலப் பொட்டு பெரிய கண் போல விழித்துக்கொண்டு வரும். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறேன். அது அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளர்ந்து, பிறகு அழகான பச்சை அந்துப்பூச்சியாகிப் பறக்கும். சீனிக்கிழங்குக் கொடியின் இலையைத் தின்று வளர்வது வேறொன்று. அதன் நாக்கு அதன் உடலைவிட நீளம். ஆக, ராத்திரியில் பூவுக்கு வருகிற விருந்தாளி வேண்டுமென்றால் பகலில் அதன் புழுவுக்கு ஓர் இலை வேண்டும்.

பிளாக்பர்ன் அந்துப்பூச்சியின் புழுவுக்கு ஹவாயின் வறண்ட காடுகளில் ஐயேயா என்ற மரம் இருந்தது, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. காட்டை மேய்ச்சலுக்கும் விவசாயத்துக்கும் அழித்தபோது ஐயேயா அருகியது. மரம் அருகியதும் புழு அருகியது. புழு அருகியதும் அந்துப்பூச்சி அருகியது. அதற்கப்புறம், பல கிலோமீட்டர் தள்ளிப் பாறையில் தொங்குகிற ஒரு செடியின் பூ, ஆள் வராமல் உதிர்ந்தது. ஐயேயாவை வெட்டியவர் ஆலுலாவைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கிற இடம் இது.

இதற்கிடையில் ஆடு. 1778-ல் கேப்டன் குக் நீஹாவ் தீவில் ஆடுகளை இறக்கிவிட்டுப் போனார். கப்பல்காரர்கள் அடுத்த முறை வரும்போது இறைச்சி கிடைக்கட்டும் என்று தீவுகளில் இப்படி விடுவது அந்தக் கால வழக்கம். ஹவாயின் செடிகள் ஆட்டையே பார்த்ததில்லை, ஆகவே முள்ளோ கசப்போ பெரிதாக வைத்துக்கொள்ளவில்லை. நீஹாவில் ஆலுலா அற்றுப்போனது. காவாயில் ஆடு ஏற முடியாத பாறைச் சுவரில் மட்டும் மிஞ்சியது. ஆடு மேலே மேய்ந்து மண்ணைத் தளர்த்தினால் கல் உருண்டு கீழே தொங்குகிற செடியையும் பெயர்த்துக்கொண்டு போகும். விதையை எலி தின்றது. வேற்று நாட்டுக் களைகள் முளைக்க இடம் விடவில்லை.

பூச்சி போனதும் செடி உடனே சாவதில்லை. அது பல வருடம் வாழும், இலை விடும், ஒவ்வொரு பருவத்திலும் பூக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கீழே நாற்று இருக்கிறதா என்று தேடுகிறவருக்கு மட்டுமே விஷயம் தெரியும். கிழவர்கள் மட்டும் குடியிருக்கிற ஊர் மாதிரி.

கயிற்றில் தொங்கிய தூரிகை

1970-களில் காவாயின் தேசிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஸ்டீவ் பெர்ல்மன் இதைக் கவனித்தார். ஆலுலா பூக்கிறது, விதை இல்லை. அவரும், பின்னால் அவரோடு சேர்ந்த கென் வுட்டும், சித்தப்பா ஈர்க்கிலால் செய்த வேலையைச் செய்யத் துணிந்தார்கள். ஒரு வித்தியாசம். சித்தப்பா தரையில் நின்றார். இவர்கள் மலை உச்சியில் கயிறு கட்டி, கீழே கடல் இரைய, பாறைச் சுவரில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு செடியாக இறங்கினார்கள். ஒரு செடியின் தூளைத் தூரிகையால் எடுத்து இன்னொரு செடியின் பூவில் தடவினார்கள். காய் முற்றியதும் மறுபடி இறங்கி விதை எடுத்தார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆலுலாப் பூ ஒரே பூவில் ஆணும் பெண்ணுமாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை. முதலில் தூளைக் கொடுக்கும். பிறகுதான் சூல்முடி விரிந்து வாங்கிக்கொள்ளத் தயாராகும். தன் தூள் தன்மேலேயே விழாமல், வேறு செடியின் தூள் வரட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. பூச்சி நிறைய இருந்த காலத்தில் அருமையான ஏற்பாடு. பத்து இருபது செடி மட்டும், அதுவும் தள்ளித் தள்ளி மிஞ்சியபோது அதுவே இடைஞ்சலாகிவிட்டது. தூள் இருக்கிற பூவும் வாங்குகிற பூவும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும்.

1982-ல் இவா புயல், 1992-ல் இனிக்கி புயல். ஏற்கனவே விரல்விட்டு எண்ணும்படி இருந்த செடிகளில் பலவற்றைப் பாறையோடு பெயர்த்துக்கொண்டு போயின. 1994-ல் அமெரிக்க அரசு ஆலுலாவை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. 2014-ல் காட்டில் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. அதற்கப்புறம் அதுவும் இல்லை. காட்டில் அது அற்றுவிட்டது என்றே இப்போது கருதுகிறார்கள். கயிற்றில் இறங்கி எடுத்த விதைகள் மட்டும் தோட்டங்களில் முளைத்து நிற்கின்றன.

தொட்டியில் இருந்தால் போதாதா?

ஐரோப்பாவில் ஆலுலாவைத் தொட்டிச்செடியாக விற்கிறார்கள். கடையில் கிடைக்கிற ஒன்றை ஏன் அழிகிறது என்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மட்டிப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நம் மாவட்டத்துக்கே பெருமை, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மட்டிப்பழத்தில் விதை இல்லை. தாய் வாழையின் கிழங்கிலிருந்து கன்று எடுத்து நடுகிறோம். அதனால் கொல்லையில் நூறு மட்டி நின்றாலும், உள்ளுக்குள் அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே செடிதான். ஒன்றைப் பிடிக்கிற வாடல் நோய் அத்தனையையும் பிடிக்கும். நாம் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதால் சமாளிக்கிறோம்.

தொட்டி ஆலுலா விதையில் வளர்ந்தாலும் ஒரு சில தாய்ச் செடிகளின் வாரிசுகள். சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்ந்தால் விதை குறையும், நாற்று நோஞ்சானாகும். இதைத் தடுக்க சிகாகோ தாவரவியல் பூங்காவும் காவாயின் பூங்காவும் வேறு தோட்டங்களும் சேர்ந்து, மிருகக்காட்சிசாலைகளில் சிங்கத்துக்கும் புலிக்கும் வம்சக் கணக்கு வைத்து ஜோடி சேர்ப்பது போல, செடிகளுக்கும் வம்சக் கணக்கு வைக்கத் தொடங்கின. எந்தத் தோட்டத்துச் செடி எதற்குத் தூரத்துச் சொந்தம் என்று மரபணுவைப் பார்த்து, அந்தத் தூளை இந்தப் பூவுக்குச் சேர்ப்பது. பொருத்தம் பார்ப்பதுதான், ஒரே கோத்திரத்தில் கட்டக் கூடாது என்பதும் சேர்த்து.

இந்த உழைப்பை நான் மனதார வணங்குகிறேன். ஆனாலும் இது மனிதக் கை உள்ளவரை. தூரிகை பிடிக்கிறவர் ஓய்வு பெற்றால், நிதி நின்றால், காய் நிற்கும். காட்டில் ஓர் அந்துப்பூச்சி சம்பளம் இல்லாமல் செய்த வேலை அது.

வேறு ஒரு பூச்சியைக் கொண்டுபோய் விடலாமே? மலேசியாவில் அப்படிச் செய்தார்கள். எண்ணெய்ப்பனை ஆப்பிரிக்க மரம். மலேசியாவில் அதற்குக் கையால் தூள் தூவிக்கொண்டிருந்தார்கள். 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டபிறகு அந்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. நன்றாக முடிந்த கதை. ஹவாய் வேறு கதையும் கண்டிருக்கிறது. கரும்புத் தோட்ட எலிகளைப் பிடிக்க 1883-ல் கீரியைக் கொண்டுவந்தார்கள், இந்தியாவிலிருந்து ஜமைக்கா போன கீரிகளின் வாரிசுகள். எலி ராத்திரி நடமாடும், கீரி பகலில் நடமாடும். கீரி தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையைத் தின்றது. ஒரு தீவுக்குள் புதிதாக ஓர் உயிரை விடுவதற்கு முன் அங்குள்ளவர்கள் பலமுறை யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஐயேயாவை நட்டு, புழுவுக்கு இலை கொடுத்து, பழைய அந்துப்பூச்சியையே பெருகவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மாவியில் அந்தப் புழு இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு புகையிலைச் செடியையும் தின்னப் பழகியிருக்கிறது, உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தீவு என்றால் ஏன் இவ்வளவு ஆபத்து?

1991, 92-ல் நம் மாவட்டத்துத் தேனீக்களுக்கு வந்த நோயைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் தொடங்கிவைத்த தேனீ வளர்ப்பு, வீட்டுக்கு வீடு பெட்டி என்று பெருகிய காலம். தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்ப்பை போல ஊதிச் செத்தன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆறு பெட்டியும் ஒரே பருவத்தில் வெறுமையாகின. மூடியைத் திறந்தால் மெழுகு வாசம் மட்டும் இருந்தது. தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி போயிற்று.

ஆனால் தேனீ திரும்பி வந்தது. எங்கிருந்து? வடகிழக்கே மலை இருந்தது, மரப்பொந்துகளில் கூடு இருந்தது, நோயைத் தாங்கிய சில கூட்டங்கள் இருந்தன. அவை பிரிந்து பிரிந்து இறங்கி வந்தன. பக்கத்து வீடு இருந்ததால் பிழைத்தோம். ஹவாய்க்குப் பக்கத்து வீடு இல்லை. மிக அருகில் உள்ள கண்டமே மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். காவாயில் ஓர் அந்துப்பூச்சி அற்றால், கடல் தாண்டி இன்னொன்று தானாக வந்து சேர வழியில்லை. அதோடு, தீவில் ஆட்களே குறைவு. ஒரு வேலைக்கு ஒருவர் அல்லது இருவர்தான். மொரீஷியஸ் தீவில் ரூசியா என்ற ஒரு செடிக்குத் தூள் சுமப்பது ஒரு பல்லி, பச்சையும் சிவப்புமாக இருக்கும் பகல் பல்லி. வேற்று நாட்டு எறும்பு பூவை மொய்த்துப் பல்லியை விரட்டிவிடுகிறது, பூ காய்ப்பதில்லை.

தீவுக்குக் கடல் கட்டாயமில்லை. அகத்தியமலையின் உச்சிப் புல்வெளியும் சோலையும் தாழ்நிலத்தின் வெப்பத்தால் சூழப்பட்ட தீவுதான். உலகில் அந்த மலைப்பகுதியில் மட்டுமே காட்டில் வளரும் ஒரு செருப்பு ஆர்க்கிட் உண்டு. 1865-ல் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி கண்டெடுத்தது, பிறகு நூறு வருடத்துக்கும் மேல் காணாமல் இருந்து 1972-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். பறித்து விற்றே அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டோம். ரப்பருக்கு நடுவே பத்து சென்ட் பரப்பில் மிஞ்சி நிற்கும் ஒரு காவும், அதாவது கோயில் காடும், அப்படித்தான். அதற்குள் ஒரு மரம் பூத்தால், அடுத்த காவிலிருந்து பூச்சி ரப்பர்க் காட்டைத் தாண்டி வந்தாக வேண்டும்.

ஆலுலாவைப் பற்றிப் படித்த பிறகு, போன சித்திரையில் ஒரு நாள் ராத்திரி அம்மாவின் புடலைப் பந்தலுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருந்தேன், பூச்சி மிரளாமல் இருக்க. ஏழரை மணிக்கு மேல் பூக்கள் நூலை விரித்தன. கொசுக்கடி. எட்டேகாலுக்கு ஒரு விர்ரென்ற சத்தம், சாம்பல் நிறத்தில் ஒன்று, பெருவிரல் தடிமன். ஒரு பூவின் முன்னால் நின்றது, நாக்கு இறங்கியது, இரண்டு நொடி. அடுத்த பூ. பெண் பூ ஒன்றின் முன்னாலும் நின்றது. அந்தப் பூவின் காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்தேன்.

மூன்றாம் நாள் பார்த்தபோது பிஞ்சு வெம்பவில்லை, சுண்டுவிரல் நீளத்துக்கு வளைந்து தொங்கியது. வளையாமல் வளரட்டும் என்று அம்மா அதன் நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டிவிட்டாள்.